மழைக்கு ஜாமீன்

1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் ஜான் வாரன். முன்பு சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். கணிதர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. வேண்டிய அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக அவர் நினைவில் இருந்தன. சோழிகளைக் கூட்டினார், எடுத்தார், நகர்த்தினார்; விடை வந்துவிட்டது. மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் அந்தக் கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு 4 நிமிடம்தான் பிசகியது. நடுவேளையில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். 'காலசங்கலித' என்ற தம் நூலில் வாரன் இதைப் பதிந்து வைத்தார். அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்பதையும் சேர்த்தே எழுதினார்.

கோட்பாடு தெரியாவிட்டால் என்ன? சொன்ன இரவில் நிலா கறுத்தது. கடிகாரம் இல்லாத ஊரில் 52 நிமிடப் பிசகை யார் கண்டார்கள்? அந்தக் காட்சியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்குப் பஞ்சாங்கத்தின் மற்ற பக்கங்களையும் நம்பத் தோன்றியதில் வியப்பில்லை. கிரகணம் எழுதிய அதே கைதான் மழையையும் எழுதுகிறது. இரண்டும் ஒரே அச்சில், ஒரே மஞ்சள் தாளில் வருகின்றன. மழைக்குச் சொந்தமாக ஆஸ்தி எதுவும் கிடையாது. கிரகணம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். சோதிடத்தைக் கொண்டு புயலையும் வெள்ளத்தையும் சொல்ல முயன்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஜாமீன்தான் எனக்குக் கண்ணில் படுகிறது. எங்கோ ஒரு துல்லியமான கணக்கு இருக்கிறது. அதன் பேரில் இன்னொன்று கடன் வாங்குகிறது.

பஞ்சாங்கத்தின் மழைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிக்கையில் நவநாயகர்கள் வரிசையாக வருவார்கள்: ராஜா, மந்திரி, சேனாதிபதி என்று ஒரு மந்திரிசபை. அதில் மேகாதிபதிக்கு உரிய இலாகா மழை. சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நுழைகிற நாள் என்ன கிழமையோ, அந்தக் கிழமைக்கு உரிய கிரகம் அந்த ஆண்டின் மேகாதிபதி. பிறகு, ஆண்டுக்கு உரிய மேகம் ஆவர்த்தமா, சம்வர்த்தமா, புஷ்கலமா, துரோணமா என்று ஒரு கணக்கு. இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு ஒரு பங்கு, மலைக்கு ஒரு பங்கு, நிலத்துக்கு ஒரு பங்கு என்று பாகப்பிரிவினை. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு ஒரு தனிப்பிரியம் உண்டு. பெய்கிற மழையில் பெரும்பகுதி நமக்கு இல்லை, கடலுக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிற ஒரு கணக்கு கர்வமில்லாத கணக்கு.

ஆனால் இதில் ஊர் இல்லை. திருவாதிரையில் சூரியன் நுழையும் கிழமை திருநெல்வேலிக்கும் திருத்தணிக்கும் ஒன்றுதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் வடியும் முன்பே, மன்மத வருடத்துப் பஞ்சாங்கத்தில் இது அப்போதே போட்டிருந்ததாகப் பேச்சு கிளம்பிவிட்டது. போட்டிருக்கத்தான் செய்யும். கார்த்திகையில் கரையோரம் பெருமழை என்று எந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில்தான் போடவில்லை? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படிப் போடுவதற்குச் செவ்வாயின் துணை தேவையில்லை. தாம்பரம் என்று போட்டிருந்தால் கதை வேறு.

ஊர் வேண்டும் என்ற ஆசையிலிருந்துதான் சோதிட வரைபடம் பிறக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய 'பிருஹத் சம்ஹிதை'யில் கூர்ம விபாகம் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பாரத தேசத்தை ஓர் ஆமையாகப் பாவித்து ஒன்பது கூறாக்கி, கிருத்திகை தொடங்கி ஒவ்வொரு கூறுக்கும் மூன்று நட்சத்திரம் வீதம் 27ஐயும் பங்கு போடுகிறார். நடுவயிற்றுக்குக் கிருத்திகை, ரோகிணி, மிருகசீரிடம். தெற்குக்கு உத்திரம், அஸ்தம், சித்திரை. ஒரு நட்சத்திரத்தைப் பாவக்கிரகம் பிடித்தால் அதற்கு உரிய தேசத்துக்குக் கேடு. தெற்குக் கூறின் பட்டியலைப் படித்தால் காஞ்சி, காவிரி, சோழம், கேரளம், இலங்கை என்று நமக்குப் பழகிய பெயர்கள் வரும். கூடவே நாசிக்கும் நர்மதை முகத்துவாரத்துப் பரூச்சும் வரும். பரூச்சிலிருந்து இலங்கைவரை ஒரே கூறு! சனி ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஓராண்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. உத்திரத்தில் நுழைந்து சித்திரையை விட்டு வெளியேற மூன்று ஆண்டுக்கும் மேல். அந்த மூன்று ஆண்டில், அத்தனை பரந்த நிலத்தில், எங்காவது ஆறு கரை உடைக்காமலா இருக்கும்?

வராகமிகிரருக்குச் சில நூற்றாண்டு முன்பே அலெக்சாந்திரியாவில் தாலமி இதையே செய்திருந்தார். அவருடைய 'டெட்ராபிப்லாஸ்' நாடுகளை ராசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆமை இல்லை, ஆசை ஒன்றேதான்.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1524 காட்டியது. ஜெர்மனியில் யோகான் ஸ்டொஃப்லர் என்ற கணிதர் தம் கூட்டாளியோடு சேர்ந்து 1499இல் வெளியிட்ட கிரக அட்டவணையில், 1524 பிப்ரவரியில் 20 கிரகச் சேர்க்கைகள் நிகழும், அவற்றில் 16 நீர் ராசியில் என்று கண்டிருந்தது. அட்டவணை சரியானதுதான். கிரகங்கள் சொன்னபடி மீனத்தில் கூடின. ஆனால் இடைப்பட்ட 25 ஆண்டில் அந்த வரி பிரளயமாக வளர்ந்துவிட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டு நூல்களை அச்சிட்டுத் தள்ளினார்கள். அச்சு இயந்திரத்தின் முதல் பெரும் பீதி என்று இதைச் சொல்லலாம். துலூஸ் நகரத்தில் ஒருவர் பேழையே கட்டிக்கொண்டாராம். இது கதையாகவும் இருக்கலாம், நல்ல கதை. பிப்ரவரி வந்தது, போனது. பிரளயம் வரவில்லை. அந்த ஆண்டே ஜெர்மனியில் உழவர் கிளர்ச்சி வெடித்தபோது, மீனத்தில் கூடிய கிரகங்கள் சொன்னது இந்த வெள்ளத்தைத்தான் என்று பொருள் மாற்றிச் சொல்ல ஆள் இருந்தது. கடன் வராக்கடனானால் அதை வேறு பெயரில் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் பழையது.

நம் காலத்துச் சோதிட வரைபடம் கணினியில் விரிகிறது. 1970களில் ஜிம் லூயிஸ் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய முறை அது. குறித்த நேரத்தில் ஒவ்வொரு கிரகமும் பூமியில் எங்கெங்கே உதிக்கிறது, எங்கே உச்சியில் நிற்கிறது, எங்கே மறைகிறது, எங்கே கீழ் உச்சியில் இருக்கிறது என்று உலகப் படத்தின்மேல் கோடு இழுத்துவிடுவார்கள். முதலில் எந்த ஊருக்குக் குடிபோனால் யோகம் என்று பார்க்க வந்தது. பிறகு சூறாவளி எங்கே கரையேறும், பூகம்பம் எங்கே என்று பார்ப்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமாவாசைக்கு ஒரு படம், கிரகணத்துக்கு ஒரு படம். பார்க்க அழகான படங்கள். கோடுகளின் கணிதத்தில் பிழையே கிடையாது. சோழிக்கணிதர் கண்டிருந்தால் மலைத்துப் போயிருப்பார்.

கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். சூரியன், சந்திரன் முதல் புளூட்டோ வரை பத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடு, ஆக 40. நிலநடுக்கோட்டின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். சராசரியாக 1,000 கிலோமீட்டருக்கு ஒரு கோடு விழுகிறது. கோடுகள் சம இடைவெளியில் அமைந்தால் எந்த ஊரும் ஏதோ ஒரு கோட்டுக்கு 500 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஒரு பெரிய சூறாவளியின் குறுக்களவே அவ்வளவு இருக்கும். ஆக, புயல் எங்கே கரையேறினாலும் அதை உரசிக்கொண்டு ஒரு செவ்வாய்க் கோடோ நெப்டியூன் கோடோ போகும். கோடு மிக மெல்லியது என்பதால் நம் கண் ஏமாறுகிறது. மெல்லிய கோட்டைப் பார்த்ததும் துல்லியம் என்று மனம் எழுதிக்கொள்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, சோதிடர்களை மொத்தமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் வராகமிகிரரிடமே இருக்கிறது. ஆமை வரைந்த அதே நூலில் மேகக் கருவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மார்கழியை ஒட்டிய மாதம் தொடங்கிச் சித்திரை வரை வானத்தில் மழைக்கரு தரிக்கிறது. காற்றின் திசை, மேகத்தின் நிறம், நிலவைச் சுற்றிய பரிவட்டம், மின்னல், பறவைகளின் போக்கு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கரு தரித்த 195ஆம் நாள் அது மழையாகப் பிறக்கும். கீழ்க்காற்றில் தரித்தது மேற்கிலிருந்து வரும், பகலில் தரித்தது இரவில் பொழியும். பெய்ததை அளக்க ஒரு முழ அகலப் பாத்திரம் வைக்கச் சொல்கிறார். 50 பலம் நிறைந்தால் ஓர் ஆடகம். கணக்கில் தவறு இருக்கலாம். ஆனால் இதைச் செய்ய ஒருவன் பனியில் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும். பெய்த பிறகு பாத்திரத்தை எடுத்து அளந்தும் ஆகவேண்டும்.

தமிழ்நாட்டில் கர்ப்போட்டம் என்று இன்றும் இது நடக்கிறது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கிற இரண்டு வாரம், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 11 வாக்கில் வரை, மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விவசாயிகள் பார்க்கிறார்கள். இதில் ஒரு சுவாரஸ்யமான சிக்கல் உண்டு. வராகமிகிரர் கணக்கை அப்படியே போட்டால், டிசம்பர் 29இல் தரித்த கரு ஜூலை 12இல் பிறக்க வேண்டும். உஜ்ஜயினியில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது பொருத்தம்; அங்கே அப்போது தென்மேற்குப் பருவமழை. தஞ்சைக்காரனுக்கோ ஆனி ஆடியில் வானம் வெறும் காற்று. அவன் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசியைச் சுற்றித்தான் வருகிறது. அதற்கு அவன் மார்கழியில் பார்த்துப் பயனில்லை. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் அண்ணாந்து பார்க்க வேண்டும். நூல் இடம் பெயர்ந்து வந்தது. வானம் கூடவே வரவில்லை.

ஐரோப்பாவிலும் இந்த வெளியே நின்று பார்க்கிற கூட்டம் இருந்தது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஒழுங்கான வானிலை நாட்குறிப்புகளில் ஒன்று வில்லியம் மெர்ல் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1337 முதல் 1344 வரை எழுதியது. வானியலாளர் டைக்கோ பிராஹே தம் தீவில் 1582 முதல் 1597 வரை அன்றாட வானிலையைக் குறித்தார். கெப்ளர் 1595ஆம் ஆண்டுக்கு எழுதிய நாட்காட்டியில் கடுங்குளிரும் துருக்கிப் படையெடுப்பும் வரும் என்றார். இரண்டும் வந்து அவருக்குப் பேர் கிடைத்தது. ஆனால் அவர் அதோடு நிற்காமல் பல்லாண்டுகள் கிரகப் பார்வைகளையும் அன்றன்றைய வானிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். லண்டனில் ஜான் கோட் என்ற பள்ளி ஆசிரியர் முப்பது ஆண்டு குறிப்பெடுத்து 1686இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். இவர்கள் எல்லோரும் கிரகத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்று நம்பியவர்கள். நம்பியதால்தான் தினமும் எழுதினார்கள். நம்பாதவனுக்கு முப்பது ஆண்டு தினமும் வானத்தைப் பார்க்கப் பொறுமை ஏது? கோட்பாடு உதிர்ந்துபோனது, குறிப்பேடுகள் இன்றைய வானிலை ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. கணினியில் கோடு இழுப்பவருக்கும் இவர்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை.

சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் ஃபிட்ஸ்ராய் சாட்சி. டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர். 1854இல் பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கியவர். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து ஏறத்தாழ 450 பேர் மாண்ட பிறகு, தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார். 1861 ஆகஸ்டு முதல் 'டைம்ஸ்' நாளிதழில் அவர் முன்னறிவிப்பு வரத் தொடங்கியது. தினமும் வந்ததால் தினமும் சரிபார்க்க முடிந்தது. தவறிய நாட்களை வைத்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. அதே லண்டனில் 'சாட்கியேல்' என்ற புனைபெயரில் இன்னொரு முன்னாள் கடற்படைக்காரர் சோதிடப் பஞ்சாங்கம் போட்டுக்கொண்டிருந்தார். அது அமோகமாக விற்றது. ஆண்டுக்கு ஒருமுறை சொல்பவரை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஃபிட்ஸ்ராய் 1865 ஏப்ரல் 30ஆம் தேதி தற்கொலை செய்துகொண்டார். கடனும் உடல்நலமும் மனச்சோர்வும் அதில் உண்டு. மறு ஆண்டு ஓர் ஆய்வுக்குழு அறிக்கை கொடுத்தது. முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் நிறுத்தப்பட்டன. எச்சரிக்கை வேண்டும் என்று கரையோர மக்கள் கேட்டதால் 1867இல் அது மட்டும் திரும்பி வந்தது. நம் ஊரில் வானிலை மைய அதிகாரி ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்தில் அவரைப் பற்றி எத்தனை நகைச்சுவைத் துணுக்குகள்! பஞ்சாங்கத்தைப் பற்றி அப்படி ஒரு துணுக்கு நினைவுக்கு வருகிறதா?

ஃபிட்ஸ்ராய் இறந்த சில ஆண்டுகளில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த சம்பவம். ஸ்டீஃபன் சாக்ஸ்பி என்ற பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட், நிலவை வைத்து வானிலை சொல்லலாம் என்று நூல் எழுதியவர். 1868ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அடுத்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதியைக் குறித்தார். அன்று காலை ஏழு மணிக்கு நிலா பூமிக்கு மிக அருகில் வரும்; அதே நாளில் நிலநடுக்கோட்டின் நேர்மேலே நிற்கும்; அமாவாசையும் கூடும். கடல் மிக உயரும், கடும்புயலும் வரலாம் என்றார். எந்த ஊரில் என்று சொல்லவில்லை. 1869 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, கனடாவின் கிழக்கே பண்டி விரிகுடாவில் ஒரு சூறாவளி நுழைந்தது. ஏறத்தாழ 2 மீட்டர் புயலோதம், ஏற்கெனவே உச்சத்தில் இருந்த கடலின்மேல் ஏறி, பழைய குடியேறிகள் கட்டிய அணைகரைகளை மூழ்கடித்து ஊருக்குள் வந்தது. கட்டியிருந்த கால்நடைகள் அப்படியே மாண்டன. அந்தப் புயலுக்குச் சாக்ஸ்பி புயல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த ஒருவரின் பெயர்.

அவர் சொன்னதில் இரண்டு பகுதி இருந்தது. கடல் உயரும் என்பது ஒன்று. அது உலகம் முழுக்கப் பலித்தது; பலித்தே தீரும், ஏனென்றால் ஓதத்தை இழுப்பது நிலாதான். புயல் வரும் என்பது இன்னொன்று. அக்டோபர் தொடக்கம் அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம். ஏதோ ஒரு கரையில் புயல் அடிப்பது அரிதல்ல. அதே அமாவாசையில் உலகின் மற்ற ஆயிரம் துறைமுகங்களில் கடல் உயர்ந்து சத்தமில்லாமல் வடிந்தது. அங்கெல்லாம் சாக்ஸ்பியின் பெயரை யாரும் வைக்கவில்லை. முதல் பகுதியின் உண்மையை இரண்டாம் பகுதி ஜாமீனாகக் காட்டிக்கொண்டது. அந்த இரவு பண்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்துசேர்ந்ததால் ஜாமீன் செல்லுபடியாகிவிட்டது.

இப்படிக் கடன் வாங்குவது சோதிடர்கள் மட்டும் செய்த காரியம் என்று நினைத்தால் நம் சொந்தப் பஞ்சத்தை மறக்க வேண்டியிருக்கும். 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சூறையாடியதைத் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோம். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது மதிப்பீடு. பிணங்கள் சாலையோரம் கிடந்த 1877இல் வில்லியம் வில்சன் ஹன்டர் என்ற அதிகாரி, தென்னிந்தியாவில் வறட்சியும் பஞ்சமும் சுழற்சியாக வருவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையில் இருந்தது 1813 முதலான சென்னை மழைப் பதிவு. வைத்துப் பார்த்த இன்னொரு பட்டியல் சூரியப் புள்ளிகள். பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறைகின்றன. குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்றார். புகழ்பெற்ற வானியலாளர் நார்மன் லாக்கியர் அவரோடு சேர்ந்து சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ராசியும் கிழமையும் போய், தொலைநோக்கியும் அட்டவணையும் வந்தன. ஜாமீன் போட்டது இந்த முறை சூரியன்.

இதை வாசிக்கையில் எனக்கு எழுகிற கசப்பு சோதிடப் புத்தகங்களை வாசிக்கையில் எழுவதில்லை. துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. நிவாரண வேலை செய்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம். டெல்லியில் விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம் சூட்டும் தர்பார் நடந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது சூரியனில் காரணம் கிடைத்தது பலருக்கு வசதி. ஹன்டருக்கு நல்லெண்ணம் இல்லை என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்றலாம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒன்றின்மேல் பழி போனால், கிடங்கின் சாவி வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான். மேகாதிபதி சரியில்லை என்று சொல்லப்பட்ட பழைய அரசர்களும் அப்படித் தூங்கியிருப்பார்கள்.

அந்த ஜாமீனை ரத்து செய்தவர் கில்பர்ட் வாக்கர். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித மேதை. வரும்போது வானிலை பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. பருவமழையோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் எண்களாக வரிசைப்படுத்தி, இந்திய எழுத்தர்களை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் இடையில் பொருட்படுத்தும் அளவு உறவு தென்படவில்லை. அந்தத் தேடலில் அவர் எதிர்பாராமல் கண்டது, பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஓர் ஊஞ்சலாட்டம். 1924இல் அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். பின்னால், பசிபிக் நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோவோடு அது இணைந்தது. தாது வருடப் பஞ்சத்தின் பின்னணியில் பதிவான மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று இருந்தது இன்று தெரிகிறது. காரணம் வெகுதொலைவில்தான் இருந்தது, பசிபிக்கில். ஆனாலும் பூமியிலேயே, தொட்டு வெப்பம் பார்க்கக்கூடிய தண்ணீரில்.

வாக்கரின் கண்டுபிடிப்பு அவர் காலத்தில் நல்ல முன்னறிவிப்பாக மாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வளிமண்டலத்துக்குக் கிரகங்களின் ஒழுக்கம் கிடையாது. 1963இல் எட்வர்ட் லொரன்ஸ் காட்டியபடி, தொடக்கத்தில் ஏற்படும் மிகச் சிறு வேறுபாடு சில நாளில் முழுப் படத்தையும் மாற்றிவிடும். அன்றாட வானிலையை இரண்டு வாரத்துக்கு அப்பால் சொல்வது ஏறக்குறைய இயலாது. ஆயிரம் ஆண்டு கழித்து வரும் கிரகணத்தை இன்றே சொல்லலாம்; அடுத்த மாதம் இதே நாள் மழையைச் சொல்ல முடியாது. ஒன்றுக்காக மற்றொன்று ஜாமீன் நிற்கவே முடியாத இரண்டு வகைக் கணக்குகள் இவை. இந்திய வானிலைத் துறையின் புயல் வரைபடத்தில் எதிர்காலப் பாதை ஒரு கூம்பாக விரிவது இதனால்தான். தவறக்கூடிய அகலம் அது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எவ்வளவு தவறினோம் என்று கிலோமீட்டரில் கணக்கு வெளியிடுகிறார்கள். ஒரு நாள் முன்னால் சொல்வதில் இப்போது சராசரியாக 100 கிலோமீட்டருக்கும் குறைவு. சோதிட வரைபடத்தின் கோட்டுக்கு அகலம் இல்லை. யாரும் அதற்குப் பிழைக்கணக்கு எழுதியும் நான் பார்த்ததில்லை.

இருந்தும் நிலவு முழுக்க வெளியேறிவிடவில்லை. ஒவ்வொரு புயல் அறிவிக்கையிலும் கடல் எவ்வளவு ஏறும் என்று சொல்லுமிடத்தில், வானியல் ஓதத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றே எழுதுகிறார்கள். காற்று தள்ளிக் கொண்டுவரும் நீர் ஒரு கணக்கு. நிலவும் சூரியனும் அந்த மணிக்குக் கடலை எங்கே வைத்திருக்கின்றன என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டினால்தான் தண்ணீர் வாசலுக்கு வருமா என்று தெரியும். இரண்டாவது கணக்கைப் பல ஆண்டு முன்னாலேயே நிமிடச் சுத்தமாகப் போட்டுவிடலாம். சாக்ஸ்பியின் முதல் பகுதி இன்றும் உயிரோடு இருப்பது இங்கேதான். அதிலும் கரைக்குக் கரை நிலவின் பங்கு வேறு. பண்டி விரிகுடாவில் ஓதம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது, ஓதத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று அறிவிக்கை சொல்லியிருந்தது. பஞ்சாங்கத்தில் அன்று வளர்பிறை அஷ்டமி. நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று நாம் தள்ளிவைக்கிற திதி. நிலவும் சூரியனும் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் கடல் குறைவாக ஏறி இறங்கும் நாளும் அதுதான். கரையில் உள்ளவர்களுக்கு அது ஒரு சிறிய தள்ளுபடி, சில விரற்கடைத் தண்ணீர். அந்தத் தள்ளுபடி பேராவூரணிப் பக்கமும் பட்டுக்கோட்டைப் பக்கமும் செல்லவில்லை. அங்கே தென்னைகளைச் சாய்த்தது காற்று. ஒரு தென்னம்பிள்ளை வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும்; அடுத்த புயல் அதற்குள் வருமா என்று கேட்டு அந்த ஊர்க்காரர்கள் சிலர் பஞ்சாங்கம் புரட்டியிருக்கலாம். வானிலை மையத்தைக் கேட்டிருந்தால், அவ்வளவு தூரத்துக்குச் சொல்ல முடியாது என்றிருப்பார்கள்.